ஈப்பரும் சங்ககிரியும்

வெளிநாட்டு யாத்திரை செல்லும் சேலம், நாமக்கல் தம்பதிகள் பெல்ஜியத்திலுள்ள ஈப்பர் நகரை அவசியம் காண வேண்டும். அதைச் சூழ்ந்த போர்க்களங்களில் 1914இல் இந்தியச் சிப்பாய்களும் இரத்தம் சிந்தினர். அங்குள்ள மெனின் வாயிலில், கல்லறையும் அறியப்படாத 54,000க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர் பெயர்களும் அவற்றில் உள. இரவுதோறும் எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அவர்கள் நினைவாக எக்காளம் ஊதுகிறார்கள். 1928இல் தொடங்கிய இவ்வழக்கத்தை நடத்துவது சர்க்காரன்று, ஊர்த் தொண்டர்களே.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக மாண்ட நம்மவருக்கு அன்னியர் செய்யும் மரியாதை இது. கும்பினியாரை எதிர்த்து மாண்டவருக்கு நாம் செய்வது யாது?

சேலம் சீமை 1792இல் திப்புவிடமிருந்து கும்பினியார் வசமாயிற்று. அவர்களோடு பொருத தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவர் போரிட்ட ஓடாநிலையும் அரச்சலூரும் அங்கிருந்து தொலைவிலில்லை. ஒரே பகலில் கண்டு திரும்பலாம். ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை சூட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா?

சர்க்கார் கவனிக்கட்டும் என்று காத்திருப்பது தகாது. கடல் கடக்குமுன் மனைவி மக்களோடு சங்ககிரி மலையேறுங்கள். அங்கு நடந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஈப்பர் நகரத்தார் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.