நில அதிர்வு அலைகளும் நிலத்தின் அமைப்பும்

அல்சூர் ஏரியின் அடியில் படிந்திருப்பது வண்டல். அதன் கீழே சிதைந்த பாறையும், அதற்கும் கீழே ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த நைஸ் பாறையும் உள்ளன. இதே பாறை சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லால்பாகில் குன்றாக வெளியே தெரிகிறது. ஒரே நிலநடுக்கத்தின் அலைகள் இவ்விரு இடங்களையும் அடையுமாயினும், அங்கே உணரப்படும் அதிர்ச்சி ஒரே அளவினதாக இராது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நிலத்தின் உள்ளமைப்பேயாகும்.

ஒரே தன்மையுடைய பாறையில் அதிர்வு அலை தடையின்றிச் செல்லும். பிளவு, முறிவு, வேறு வகைப் பாறையின் ஊடுருவல் ஆகியவை குறுக்கிடும்போது அலையின் ஆற்றலில் ஒரு பகுதி பல திசைகளிலும் திருப்பப்படுகிறது. இதுவே சிதறல் எனப்படும். தடையின் பருமனும் அலைநீளமும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போது சிதறல் மிகும். கடினப் பாறையில் குறுக்கலை வினாடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வினாடிக்கு ஒரு முறை அதிரும் அலையின் நீளம் 3.5 கிலோமீட்டர் ஆதலின், சில பத்து மீட்டர் அகலமுள்ள டாலரைட் பாறைச் சுவர்களை அது பொருட்படுத்துவதில்லை. வினாடிக்குப் பத்து முறை அதிரும் அலைக்கோ நீளம் 350 மீட்டர்தான். அது சிறு தடைகளாலும் பாதிக்கப்படும்.

கர்நாடகத்தின் தொன்மையான பாறைத்தளத்தில் இத்தகைய சிதறல் குறைவு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1965ஆம் ஆண்டில் அணுசக்தித் துறையினர் நில அதிர்வுமானிகளை ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் வரிசையாக நிறுவினர். உலகின் மறுகோடியில் நிகழும் நிலத்தடி அணுவெடிப்பின் அலைகளும் அங்கே தெளிவாகப் பதிவாவதற்குக் கடினப் பாறைத்தளம் பெரிதும் துணை செய்கிறது.

சிதறிய அலைகள் வீணானவையும் அல்ல. முதல் அலைகள் கடந்த பின்னரும் பதிவுத்தாளில் நெடுநேரம் நீளும் 'வால் அலைகள்' பல இடங்களில் சிதறித் திரும்பியவையே என்பதை 1969இல் கெய்ட்டி அக்கி விளக்கினார். அவை தேயும் விதத்தைக் கொண்டு பாறையின் இயல்பை அளவிடுகின்றனர்.

ஆனால், அலையைச் சிதைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும் பாறையின் மேல் மென்மையான மண் இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. மண்ணுள் நுழையும் அலை வேகம் குறைந்து வீச்சில் பெருகுகிறது. தரைக்கும் பாறைக்கும் இடையே சிக்கி மீண்டும் மீண்டும் எதிரொளிக்கிறது. படுகையின் ஓரங்களில் சிதறிப் புதிய மேற்பரப்பு அலைகளையும் தோற்றுவிக்கிறது. கணக்கிற்கு ஓர் எடுத்துக்காட்டு: மண்ணின் ஆழம் 10 மீட்டர், அலைவேகம் வினாடிக்கு 200 மீட்டர் எனில், அம்மண் வினாடிக்கு ஐந்து முறை ஊசலாட முற்படும். இரண்டு மாடிக் கட்டடத்தின் இயல்பான அதிர்வும் ஏறத்தாழ அதுவே. இரண்டும் ஒத்திசைந்தால் சேதம் பெருகும். 1985இல் மெக்சிகோ நகரம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் எழுந்த நிலநடுக்கத்தால் பேரழிவுற்றது. அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகை. 2001இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தின் ஆற்றுப்படிவு மண்ணிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. கட்டுமானக் குறைகளும் அதற்குத் துணைநின்றன.

பெங்களூர் ஏரிகளின் நகரம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கும், தர்மாம்புதி ஏரியில் மத்தியப் பேருந்து நிலையமும் எழுந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2002ஆம் ஆண்டு விதிகள் நகரம் முழுவதையும் இடர் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைத்தன. மண்டலம் நகருக்குப் பொது; மண் மனைக்கு மனை வேறு. இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் துளையிட்டு எடுத்த மண் விவரங்களைக் கொண்டு நகருக்கு நுண்மண்டல வரைபடங்கள் வகுத்தது இதனை உணர்ந்தேயாகும்.

கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் துளையிட்டு மண்ணைச் சோதிக்கும் செலவு மிகச் சிறிது. எனினும் சிறு மனைக்காரர் முதலில் தவிர்ப்பதும் அதுவே. தூர்க்கப்பட்ட ஏரிகளின் எல்லைகள் பழைய நில அளவை வரைபடங்களில் உள்ளன. கட்டட அனுமதி மனு வரும்போது அலுவலர் அவ்வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தால், எந்த மனைக்கு அச்சோதனை இன்றியமையாதது என்பது செலவின்றியே தெரிந்துவிடும்.