பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது, ஜீவனாம்சம் ஏறுமா?

பிரிந்து வாழும் பெற்றோரில் பலர் இரண்டு தவறான நம்பிக்கைகளோடு குடும்பநல நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். அப்பாவின் சம்பளத்தில் இத்தனை சதவீதம் குழந்தைக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்பது ஒன்று. ஒருமுறை நீதிபதி தொகையைச் சொல்லிவிட்டால் அதுவே கடைசி என்பது இன்னொன்று. இரண்டுமே சரியல்ல. இரண்டாவது நம்பிக்கையால் நேரடியாக நஷ்டப்படுவது குழந்தை. எல்.கே.ஜி. சேரும்போது விதித்த தொகையையே பத்தாம் வகுப்பு வரை வாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கூட்டிக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

முதலில், எந்தச் சட்டத்தில் கேட்பது? எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. நீதிமன்ற வட்டாரத்தில் 'எம்.சி. போட்டிருக்கிறோம்' என்று சொல்வது இந்த வழக்கைத்தான். தாயும் தந்தையும் திருமணம் செய்துகொண்டவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இதில் இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. முஸ்லிம் பெற்றோரின் குழந்தைகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1997-இல் நூர் சபா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது தவிர, விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் குழந்தையின் வளர்ப்புக்கும் படிப்புக்கும் பணம் கேட்கலாம்.

கேட்பவர் தாயாக இருந்தாலும் பணம் குழந்தையுடையது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அம்மா வேலைக்குப் போகிறாள் என்பதற்காக அப்பாவின் பொறுப்பு தீர்ந்துவிடாது. 'எனக்கு எதுவும் வேண்டாம், விவாகரத்து கிடைத்தால் போதும்' என்று பரஸ்பர சம்மத மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவளுக்குரியதை அவள் விட்டுக்கொடுக்கலாம், குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அதேபோல, 'பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை, அதனால் பணம் கட்ட மாட்டேன்' என்ற வாதமும் நிற்காது. பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். அது கிடைக்கும்வரை குழந்தையைப் பட்டினி போடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சரி, தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்தியாவில் இதற்குச் சூத்திரம் கிடையாது. 2017-இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று சொன்னது. அன்று முதல் அந்த எண் சட்டம் போலவே ஊரெங்கும் சுற்றுகிறது. அது அந்த வழக்கின் சூழலையொட்டிச் சொன்னது. எல்லோருக்கும் பொதுவான விதி அல்ல. நீதிபதி பார்ப்பது குழந்தையின் தேவைகள், இருவரின் வருமானம், சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வாழ்க்கைத் தரம், தவிர்க்க முடியாத மற்ற பொறுப்புகள் ஆகியவற்றை. சாப்பாடு, துணிமணி, வீடு, மருத்துவம், படிப்பு என எல்லாம் தேவையில் சேரும். அளவோடு இருந்தால் டியூஷனும் பாட்டு வகுப்பும்கூடச் சேரும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆவணம் ஒன்று உண்டு. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். என் கணிப்பில் பாதி வழக்கு இந்தப் பத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆனாலும் பலர் வக்கீல் நீட்டும் தாளில் குத்துமதிப்பாக எதையோ நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 'குழந்தைச் செலவு மாதம் 20,000' என்று ஒரே வரியில் எழுதினால் எதிர்த் தரப்பு வக்கீல் அதைச் சுலபமாகக் குலைத்துவிடுவார். பள்ளி ரசீது, வேன் கட்டணம், மருந்துச் சீட்டு, வாடகையில் குழந்தையின் பங்கு என்று வரிவரியாக எழுதி, கையில் இருக்கும் ரசீதை இணைத்தால் அதை அசைப்பது கடினம். வருமானத்தை மறைத்துப் பொய்ப் பத்திரம் கொடுத்தால் குற்றவியல் நடவடிக்கை வரும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

வருமானத்தைக் குறைத்துக் காட்ட வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. 'வீட்டுக் கடன், கார் கடன் தவணை போக மிச்சமில்லை' என்பார்கள். வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கழிக்கின்றன. தானாக வாங்கிக்கொண்ட கடன் குழந்தையின் சாப்பாட்டுக்கு முன்னால் வராது. 'வேலை போய்விட்டது' என்றால், உடல் திடமாக இருப்பவர் கூலி வேலை செய்தாவது குடும்பத்தைக் காக்க வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவர் கணக்குக் காட்டாவிட்டால், அவர் குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, வங்கிக் கணக்கில் வந்து போகும் பணம் இவற்றை வைத்து நீதிபதி வருமானத்தை ஊகிக்கலாம்.

இருவரும் சம்பாதித்தால் பாரமும் இருவருக்கும்தான். 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில், அப்பா அம்மா இருவரும் வேலையில் இருந்ததால், குழந்தைகளின் செலவை 2:1 என்ற விகிதத்தில் ஏற்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. உதாரணமாக அப்பாவுக்கு 60,000 ரூபாயும் அம்மாவுக்கு 30,000 ரூபாயும் சம்பளம், குழந்தைக்கு மாதச் செலவு 18,000 என்றால், இந்த விகிதப்படி அப்பாவின் பங்கு 12,000. ஆனால் இரவு கண் விழிப்பதும் பள்ளிக்கு அனுப்புவதும் குழந்தையை வைத்திருப்பவரின் பங்களிப்பே. அதை வாதத்தில் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது.

இறுதி உத்தரவு வரப் பல வாய்தாக்கள் ஆகும். அதனால் இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கையோடு போட வேண்டும். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இது அடிக்கடி தவறுகிறது, வருத்தத்துக்குரிய விஷயம்தான். ஆறுதல் என்னவென்றால், ரஜ்னேஷ் தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

இனி மாற்றம். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் 127-வது பிரிவு, இப்போது 146. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவிலும் இதற்கு இடமுண்டு. கட்டணம் ஏறியது, குழந்தைக்கு நோய் வந்தது, அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்றால் கூட்டிக் கேட்கலாம். கொடுப்பவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது: உண்மையாகவே வேலை போனாலோ, நோயில் விழுந்தாலோ, புதிய பொறுப்புகள் வந்தாலோ குறைக்கக் கோரலாம். கல்யாண் டே சௌத்ரி வழக்கிலேயே உயர் நீதிமன்றம் 16,000-ஐ 23,000 ஆக உயர்த்தியது. கணவர் மறுமணம் செய்து புதிய குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்ததால் உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது. ஆனால் கொடுப்பவர் தானாகவே தொகையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. உத்தரவு மாறும்வரை பழைய தொகை நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். முந்தைய உத்தரவை மாற்ற வேண்டுமானால் அதே வழக்கில்தான் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எத்தனை வயதுவரை? 144-வது பிரிவின்படி பொதுவாக 18. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அதற்குப் பிறகும் உண்டு. திருமணமாகாத இந்து மகள், தன் செலவுக்கு வழியில்லாவிட்டால், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவில் திருமணம்வரை கேட்கலாம். 2020-இல் அபிலாஷா வழக்கில் இது உறுதியானது. மகனின் கல்லூரிச் செலவுக்கு இவ்வளவு தெளிவான பிரிவு இல்லை. அதனால் சமரச ஒப்பந்தம் எழுதும்போதே கல்லூரிக் கட்டணத்தையும் ஆண்டுதோறும் உயர வேண்டிய சதவீதத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பணம் வரவில்லையென்றால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். எம்.சி. வழக்கில், பாக்கியான தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வாரண்ட் வரும், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையும் உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது. சிவில் டிக்ரிபோல நிறைவேற்றும்போது சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்யலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.