ஆயாவுக்கு ஒரு கோவில், பேரனுக்கு ஒரு கோவிலா? குருசுக்குப்பத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து!

புதுச்சேரி நகரின் வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிறது குருசுக்குப்பம். பெயரிலேயே சிலுவை! போர்ச்சுக்கீசியர் வாயில் 'குருஸ்' என்று வந்த சொல்தான் தமிழில் 'குருசு' ஆனது.

இங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் புதிதாகக் குடி வந்தால் முதல் கேள்வி, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது. அடுத்த கேள்வி, "எந்தக் கோவிலுக்குப் போறது?"

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கோவிலை மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமா மாறுகிறது? பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்குக் கல்யாண ஓலை, கடைசியில் கல்லறையில் ஆறடி இடம், எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு அபிப்பிராயம். 'சொல்தா' பென்ஷன் குடும்பத்தில் பிறந்த ஆயாவுக்குப் பிரெஞ்சு பூசை கேட்டால்தான் பூசை பார்த்த மாதிரி இருக்கும். மருமகளுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும். கான்வென்ட்டில் படிக்கிற பிள்ளைகள் இங்கிலீஷ் பூசை கேட்கும். வீட்டுக்காரர் மட்டும், "எங்கே வண்டி விட இடம் இருக்கோ அங்கே போங்க" என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

முன்னூறு வருஷத் தகராறு

இந்தத் தகராறு இன்று நேற்று வந்தது அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றிய காலத்திலேயே வெள்ளைக்காரருக்கு ஒரு கோவில், தமிழருக்கு ஒரு கோவில் என்று பிரித்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் பக்கம் கப்புச்சின் சாமியார்கள். தமிழர் பக்கம் சேசு சபைச் சாமியார்கள்.

கப்புச்சின் கோவில் மக்கள் வாயில் 'கப்ஸ் கோவில்' ஆனது. 'சேன் போல்' என்று பிரெஞ்சில் சொல்லும் புனித பவுல் பெயர் தேய்ந்து 'சம்பா கோவில்' ஆனது. இரண்டு பெயரும் இன்றுவரை ரிக்ஷாக்காரர் முதல் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லோருக்கும் தெரியும்.

தமிழருக்கென்று இருந்த கோவிலில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்களா? அதுவும் இல்லை! உள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட சாதியார், மறுபக்கம் சாதிக்காரரும் வெள்ளைக்காரரும்.

1745 அக்டோபரில் பெரிய சாமியார் அந்தச் சுவரை இடிக்கச் சொன்னார். இடித்ததும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். ஊரே இரண்டுபட்டது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் வைணவர், கோவில் சண்டையை வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ அவ்வளவு விவரமாகக் கிடைக்கிறது.

அந்தக் கட்டடமும் நிலைக்கவில்லை. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. மிஷன் வீதியில் இப்போது நிற்கும் மாதா கோவில் 1791-ல் கட்டி முடித்தது. சுவர் இடிந்தாலும் மனசுக்குள் இருந்த சுவர் சீக்கிரம் இடியவில்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். "அங்கே போனா நம்மள எங்கே உட்கார வைப்பாங்க?" என்று யோசித்தே கோவில் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நிறைய.

லத்தீன் போச்சு, வம்பு வந்தாச்சு!

1960-களுக்கு முன்னால் மொழித் தொல்லை இருந்ததில்லை. எந்தக் கோவிலுக்குப் போனாலும் பூசை லத்தீனில்தான். ஆயாவுக்கும் புரியாது, பேரனுக்கும் புரியாது. எல்லோரும் சமம்!

1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த வத்திக்கான் சங்கம், அவரவர் மொழியில் பூசை வைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதே 1962 ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் ஊரில் தங்கின. ஆக, ஒரே வீட்டுக்குள் மூன்று மொழி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வம்பு.

மூன்று மொழிக்கும் ஒரு வாசல்

வெள்ளைக்காரருக்கென்று தொடங்கிய அதே கப்ஸ் கோவில்தான் இன்று இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கை கொடுக்கிறது என்பது வேடிக்கை. இங்கே தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூன்றிலும் பூசை உண்டு. இப்போதுள்ள கட்டடம் 1855-ல் எழுந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்த மாதா படம் உள்ளே இருக்கிறது. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதால்தான் சுவர் இப்படி வழவழப்பு என்கிறார்கள். எதிரே தோட்டத்தில் ழான் தார்க் சிலை.

குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையோடு தெற்கே நடந்தால் சுமார் அரை மணி. அதிகாலையில் அந்தச் சாலையில் வண்டி விடுவதில்லை. பெரியவர்களுக்குப் பயம் இல்லாமல் நடக்க அதைவிட நல்ல வழி கிடையாது. முட்டி வலி இருந்தால் ஆட்டோதான்.

ஆனால் ஒரு சங்கடம். மூன்று மொழி என்றால் மூன்று நேரம்! ஆயா ஒரு நேரம், பிள்ளைகள் ஒரு நேரம் என்று போனால் 'ஒரே கோவில்' என்பது பேருக்குத்தான். சில வீடுகளில் ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் பிரெஞ்சு என்று முறை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

அது ஒத்துவராதவர்களுக்கு மிஷன் வீதி மாதா கோவில் இருக்கிறது; ரெயில் நிலையம் பக்கம் இருதய ஆண்டவர் கோவில் இருக்கிறது. 1907-ல் திறந்த இந்தக் கோவில் 2011-ல் பசிலிக்கா ஆனது. புனிதர்களின் கண்ணாடி ஓவியங்கள் 28. பூசை நேரத்தில் நச்சரிக்கும் குழந்தையை அண்ணாந்து பார்க்க வைக்க இது ஒன்று போதும் என்பது தாய்மார்கள் கண்ட உண்மை!

மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. என்றால்?

ஆர்.சி. பெண்ணை சி.எஸ்.ஐ. பையனுக்குக் கொடுத்த வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஒருவர் 'பூசை' என்பார், மற்றவர் 'ஆராதனை' என்பார். கல்யாணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் சி.எஸ்.ஐ.யில் வாங்கிய ஞானஸ்நானத்தை ஆர்.சி. சபை ஒப்புக்கொள்கிறது, மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் அப்படி இல்லை. குழந்தையில் வாங்கியது செல்லாது, தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும் என்பார்கள். இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. மகன் அங்கே, அம்மா இங்கே. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மட்டும் ஒரே பந்தி.

கடிதம் முக்கியம்

பலருக்குத் தெரியாத ஒன்று. ஞாயிறு பூசையை எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் பார்க்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் பங்கு என்பது பொதுவாக வீடு இருக்கும் எல்லையைப் பொறுத்தது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வேறு கோவிலில் கல்யாணமோ ஞானஸ்நானமோ வைக்க ஆசைப்பட்டால் சொந்தப் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்க வேண்டும்.

வீடு மாறிய கையோடு பழைய பங்கில் ஞானஸ்நானச் சான்று வாங்கி, புதுப் பங்கில் பெயர் பதிந்துவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதும் வழக்கம் இல்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சாமியார் வீட்டுக்கு ஓடுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.