எல்லை கடக்கும் ஆமை: ஊர்வன வளர்ப்பும் பன்னாட்டுச் சட்டமும்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைச்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் அமைந்துள்ளது மறையூர். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இயற்கையாக வளர்ந்த சந்தன மரங்களுக்கும், கரும்பு வெல்லத்திற்கும், பெருங்கற்கால முனியறைகளுக்கும் பெயர் பெற்றது. மறையூர் வெல்லத்திற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைக் கடந்து தமிழக எல்லையை நோக்கி இறங்கினால் பசுமை குறைகிறது. முள்மரங்களும் புதர்களும் பாறைகளும் தோன்றுகின்றன. மழைவளம் மிக்க கேரளத்தில் இது ஒரு மழைமறைவு நிலம். இங்குதான் 90.44 சதுர கிலோ மீட்டர் பரப்பில் 1984-ஆம் ஆண்டு சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது.

இவ்வறண்ட புதர்க்காடு நட்சத்திர ஆமையின் இருப்பிடமாகும். கருமையான ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்களாய் விரிவதால் இப்பெயர் வந்தது. காய்ந்த புல்லின் நிழலில் இந்தக் கோடுகளே அதனைப் பகைவர் கண்ணிலிருந்து மறைக்கின்றன. ஆனால், அதே கோடுகள்தாம் மனிதர் கண்ணை ஈர்த்து, அதனைப் பன்னாட்டுச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கின்றன. வளர்ப்பு ஊர்வனம் ஒன்றைச் சட்டப்படி நாட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்ல முடியுமா, முடியுமெனில் எவ்வாறு என்னும் வினாவிற்கு விடை காண இச்சிறு உயிரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பழமொழியும் புதிய மோகமும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. ஆமை வீட்டுக்குள் நுழைவதை அக்காலத்தவர் விரும்பவில்லை. இன்றோ நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. ஆமை வளர்த்தால் செல்வம் பெருகும், ஆயுள் நீளும் என்னும் நம்பிக்கை நகரங்களில் பரவியுள்ளது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும், அவற்றின் வழியாகப் பிற நாடுகளிலும் இதற்கு வளர்ப்புப் பிராணியென்னும் முறையில் தேவை மிகுந்துள்ளது.

தேவை மிகுந்தால் பிடிப்பவரும் மிகுவர். ஆந்திர-கர்நாடக எல்லைப் பகுதியில் ஒரே ஒரு வணிக மையத்தை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, அங்கு மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக மதிப்பிட்டது. இவ்வினம் மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்திற்கு உரிய பருவத்தை எய்துவது. பெண் ஆமை ஒரு முறைக்குச் சில முட்டைகளையே இடும். எனவே, முதிர்ந்த ஆமை ஒன்றைக் காட்டிலிருந்து எடுத்தால், அந்த இழப்பை ஈடு செய்யப் பல ஆண்டுகள் ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நாடுகளுக்கிடையே ஓர் உடன்படிக்கை

ஒரு நாட்டில் காட்டுயிரைப் பாதுகாத்து, அண்டை நாட்டில் அதன் விற்பனையைத் தடையின்றி விட்டால் பயன் விளையாது. இந்த உண்மையை உணர்ந்த நாடுகள் 1973 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கையை உருவாக்கின. அழியும் நிலையிலுள்ள காட்டு விலங்கு, தாவர இனங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய இவ்வுடன்படிக்கை சுருக்கமாக ‘சைட்டிஸ்’ எனப்படும். 1975 ஜூலை 1-ஆம் நாள் இது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-ஆம் ஆண்டு இதில் சேர்ந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பு வகிக்கின்றன.

உடன்படிக்கைக்கு மூன்று பிற்சேர்க்கைகள் உண்டு. அழியும் ஆபத்திலுள்ள இனங்கள் முதற் பிற்சேர்க்கையில் இடம்பெறும். இவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வணிகம் செய்ய இயலாது. வணிகத்தை ஒழுங்குபடுத்தாவிடில் ஆபத்து நேரக்கூடியவை இரண்டாம் பிற்சேர்க்கையில் உள்ளன. இவற்றை ஏற்றுமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். தனியொரு நாடு பிற நாடுகளின் ஒத்துழைப்பைக் கோரிச் சேர்ப்பவை மூன்றாம் பிற்சேர்க்கையில் அடங்கும்.

நட்சத்திர ஆமை 1975 முதல் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருந்தது. ஆயினும், இவ்வினம் இயற்கையில் வாழாத நாடுகளிலிருந்துங்கூட ‘வளர்ப்பில் பிறந்தவை’ என்ற பெயரில் ஆமைகள் விற்பனைக்கு வந்தன. காட்டில் பிடித்த ஆமைக்கும் பண்ணையில் பிறந்த ஆமைக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது எளிதன்று. தாளில் எழுதிய ஒரு சொல்லே சட்டத்திற்குப் புறம்பானதைச் சட்டப்படியானதாக்கி விடுகிறது. இதனைக் கருதி, இந்தியாவும் இலங்கை, வங்காளதேசம், செனகல் ஆகிய நாடுகளும் இணைந்து, இவ்வினத்தை முதற் பிற்சேர்க்கைக்கு உயர்த்தக் கோரின. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்ற உறுப்பு நாடுகளின் 18-ஆவது மாநாடு இதனை ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள் முதல் இது நடைமுறையில் உள்ளது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு அடிப்படையானது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இச்சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. உயிருடன் பிடிப்பதும், பொறி வைப்பதும், அவற்றிற்கு முயல்வதும் வேட்டையே. ஆகவே, மறையூர்ச் சாலையில் ஊர்ந்து செல்லும் ஆமையைப் பரிவுடன் எடுத்து வீட்டில் வளர்ப்பவரும் சட்டத்தின் பார்வையில் குற்றம் புரிந்தவராவார். அவ்வாறு பிடிக்கப்பட்ட விலங்கு அரசின் உடைமை. உரிய அனுமதியின்றி அதனை வண்டியில் ஏற்றிச் சின்னாறு சோதனைச் சாவடியைக் கடப்பதும் குற்றமே. நாட்டின் எல்லை வரும் முன்பே, மாநில எல்லையிலேயே சட்டம் குறுக்கே நிற்கிறது.

2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்த ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைக்கப்பட்டன. உயர்ந்த பாதுகாப்புக்கு உரிய விலங்குகள் முதலாம் அட்டவணையிலும், சைட்டிஸ் பிற்சேர்க்கைகளில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையிலும் வைக்கப்பட்டன. முன்பு நான்காம் அட்டவணையில் குறைந்த பாதுகாப்புடன் இருந்த நட்சத்திர ஆமை இப்போது முதலாம் அட்டவணையில் உள்ளது. இவ்வட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்திற்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். பழமொழி கூறிய ஆமையும் அமீனாவும் இன்று மெய்யாகவே ஒன்றன்பின் ஒன்றாய் வீட்டுக்குள் வரக்கூடும்.

எனவே, முதல் வினாவிற்கு விடை தெளிவானது. இந்தியக் காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையைத் தனியார் ஒருவர் வளர்ப்புப் பிராணியாக வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லச் சட்டத்தில் வழியே இல்லை. காட்டு விலங்குகளின் ஏற்றுமதியும் நாட்டின் வணிகக் கொள்கையால் தடை செய்யப்பட்டுள்ளது. உயிர்க்காட்சிச் சாலைகளுக்கிடையே அரசின் ஒப்புதலுடன் நடைபெறும் பரிமாற்றம் போன்றவை வேறு வகையைச் சார்ந்தவை.

அயல்நாட்டு ஊர்வனத்திற்கு உள்ள வழி

இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத ஊர்வனங்களுக்கு நிலைமை வேறு. வெளிநாட்டில் பணியாற்றிய ஒருவர், அங்குச் சட்டப்படி வாங்கிய பச்சை இகுவானா ஒன்றைத் தாயகத்திற்குக் கொண்டுவர விரும்புவதாகக் கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்பல்லியினம் சைட்டிசின் இரண்டாம் பிற்சேர்க்கையில் உள்ளது. அவர் செய்ய வேண்டியவை வருமாறு:

முதலாவதாக, அவ்விலங்கின் அறிவியல் பெயரை உறுதி செய்துகொண்டு, அது எந்தப் பிற்சேர்க்கையில் உள்ளது என அறிய வேண்டும். வணிகப் பெயர்கள் குழப்பம் தருபவை. ஒரே பெயரில் பல இனங்கள் விற்கப்படுவதுண்டு.

இரண்டாவதாக, வாங்கியதற்கான சான்று வேண்டும். விலங்கு சட்டப்படி பெறப்பட்டது என்பதை உறுதி செய்த பின்னரே புறப்படும் நாட்டின் நிருவாக அதிகார அமைப்பு ஏற்றுமதி அனுமதிச் சீட்டு வழங்கும். இச்சீட்டு ஆறு மாத காலத்திற்கே செல்லும். முதற் பிற்சேர்க்கை இனமாயின், சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியை முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும். பெறுபவரிடம் விலங்கைப் பேணத் தக்க வசதி உண்டா என்பதையும், நோக்கம் வணிகமா என்பதையும் அந்நாடு ஆராயும்.

மூன்றாவதாக, இந்தியாவுக்குள் கொண்டுவர, குடியேறும் மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தடையின்மைச் சான்றும், அதன் அடிப்படையில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் உரிமமும் பெற வேண்டும். கால்நடை நலம் பற்றிய அனுமதியும், வந்திறங்கும் இடத்தில் விலங்கு நோய்த்தடுப்புப் பரிசோதனையும் இவற்றுடன் சேரும். நாய், பூனைகளுக்கு உள்ள பயணிகள் சலுகையை ஊர்வனத்திற்கும் உரியதென எண்ணுவது தவறு.

நான்காவதாக, பயண ஏற்பாடு. விமானத்தில் உயிர் விலங்குகளை ஏற்றிச் செல்லப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் விதிமுறைகளை வகுத்துள்ளது. பெட்டியின் அளவு, காற்றோட்டம், வெப்பநிலை ஆகியன இனத்திற்கேற்ப அமைய வேண்டும். ஊர்வனத்தின் உடல் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தே இயங்குவது; குளிர்ந்த சரக்கறையில் சில மணி நேரம் கிடப்பதே அதன் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.

ஐந்தாவதாக, வந்த பின் பதிவு. சைட்டிஸ் பிற்சேர்க்கைகளில் உள்ள உயிர் விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்வதற்கான விதிகளை மைய அரசு 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. ‘பரிவேஷ்’ எனும் அரசின் கணினித் தளம் வாயிலாக இப்பதிவு நடைபெறுகிறது. விலங்கு குட்டி ஈன்றாலும், கைமாறினாலும், இறந்தாலும் அதனையும் தெரிவிக்க வேண்டும்.

தம் விலங்குடன் அடிக்கடி எல்லை கடப்போருக்கென ‘உடைமைச் சான்றிதழ்’ என்னும் ஏற்பாட்டையும் சைட்டிஸ் பரிந்துரைத்துள்ளது. ஒரு விலங்கிற்கு ஒரு சான்றிதழ். மூன்று ஆண்டு வரை செல்லும். உரிமையாளர் உடன் செல்ல வேண்டும். வெளிநாட்டில் அதனை விற்கக் கூடாது. எனினும், செல்லும் நாடும் இம்முறையை ஏற்றிருந்தாலன்றி இது பயன்படாது.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவை. வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்த நட்சத்திர ஆமையை அங்கு முறையாக வாங்கிய ஒருவர், அந்தச் சான்றைக் கொண்டே அதனை இந்தியாவில் வளர்க்கலாம் எனக் கருதக் கூடாது. பிறந்த இடம் எதுவாயினும் அதன் இனம் முதலாம் அட்டவணையைச் சேர்ந்தது. ஒரு நாட்டின் அனுமதி மற்றொரு நாட்டின் சட்டத்தை மீறும் உரிமையைத் தாராது.

திரும்பி வரும் ஆமைகள்

பயணப் பெட்டிகளில் துணிகளுக்கிடையே, கால்கள் அசையாதபடி நாடாவால் கட்டப்பட்டுக் கடத்தப்படும் ஆமைகளைச் சுங்கத் துறையினர் விமான நிலையங்களில் கைப்பற்றி வருகின்றனர். 2007-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால், கைப்பற்றுவதுடன் பணி முடிவதில்லை. மீட்கப்பட்ட ஆமையை எங்கே விடுவது என்பதே கடினமான சிக்கலாகும்.

நட்சத்திர ஆமை மூன்று தனித்தனிப் பகுதிகளில் வாழ்கிறது: வடமேற்கு இந்தியாவும் அதை ஒட்டிய பாகிஸ்தானும் ஒன்று, தென்னிந்தியா மற்றொன்று, இலங்கை மூன்றாவது. ஒரு பகுதியின் ஆமையை மற்றொரு பகுதியில் விட்டால் மரபுக் கலப்பு நேரும், நோயும் பரவக்கூடும். சிங்கப்பூரிலிருந்து மீண்டு வந்த ஆமைகள் எப்பகுதியைச் சேர்ந்தவை என மரபணுச் சோதனையால் அறிய, ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர் மேற்கொண்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகத்திற்குத் திரும்பின. எல்லை கடந்த அந்தப் பயணத்திற்கும் முறையான அனுமதிச் சீட்டுகள் தேவைப்பட்டன. கடத்தும்போது தாளின்றிச் சென்ற விலங்கு, தாயகம் திரும்பும்போது தாளுடன் வர வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் கைப்பற்றப்பட்ட நட்சத்திர ஆமைகளுக்குச் சின்னாறு மறுவாழ்வு இடமாக அமைந்துள்ளது. கேரளத்தில் இவ்வினத்திற்கு இயல்பான சூழல் இம்மழைமறைவு நிலமே. வனத்துறையினர் மீட்கப்பட்ட ஆமைகளைத் தடுப்பு வேலிக்குள் வைத்துக் கண்காணித்து, உடல்நலம் தேறிய பின் காட்டில் விடும் பணியை இங்கு மேற்கொண்டுள்ளனர். ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஆமையை மீண்டும் புல்லில் நடக்க விடுவதற்குப் பலருடைய பல மாத உழைப்பு தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை

சட்டங்கள் போதிய வலுவுடன் உள்ளன. அவற்றைப் பற்றிய அறிவே பரவலாக இல்லை. சோதனைச் சாவடியில் பணிபுரியும் அலுவலருக்கு இனங்களை அடையாளம் காணும் பயிற்சி வேண்டும். வெளிநாடு செல்வோர்க்கும் திரும்புவோர்க்கும் இவ்விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எளிய முறையில் விளக்க வேண்டும். சின்னாற்றைச் சுற்றி வாழும் முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடியினரின் காட்டறிவு பாதுகாப்புப் பணியில் பயன்பட வேண்டும். பள்ளி மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு: சாலையில் ஆமையைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்திற்குத் தெரிவிப்பதே முறை.

பாம்பாறும் சின்னாறும் மாநில எல்லையைப் பாராது அமராவதி அணையை நோக்கி ஓடுகின்றன. அவற்றின் கரைப் புதர்களில் மேயும் ஆமைக்கும் எல்லை தெரியாது. எல்லைகளை வகுத்தவர் மனிதர். எனவே, அவற்றைக் கடக்கும் முறையை அறிந்து நடப்பதும் மனிதரின் கடமையே ஆகும்.