பழைய கம்ப்யூட்டரில் வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்: எந்த ஓ.எஸ். சரிப்படும்?

காரைக்குடி பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. நூல்கள் மைக்ரோஃபிலிமிலும் நகலெடுக்கப்பட்டன.

சரி, நம்ம வீட்டுத் தொகுப்பு எங்கே இருக்கு? ஐயா, அப்பத்தா போட்டோக்கள், கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான். அது கீழே விழுந்தால் போச்சு!

இதற்கு ஒரு வழி ‘நாஸ்’. வீட்டு வைஃபையில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் பயன்படுத்தும் பொது அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் ஓரங்கட்டிய கம்ப்யூட்டரே இதற்குப் போதும். ஆனால், எந்த ஓ.எஸ். போடுவது?

ட்ரூநாஸ்

இலவசம். இதிலுள்ள இசட்எஃப்எஸ், ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைக்கும். டிஸ்க்கில் போட்டோ சத்தமில்லாமல் கெட்டாலும் கண்டுபிடித்துவிடும். இரண்டு டிஸ்க்கில் நகல் இருந்தால் தானே சரிசெய்யும். குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், ஓ.எஸ்.ஸுக்குத் தனி டிஸ்க்கும் தேவை.

ஓபன்மீடியாவால்ட்

இதுவும் இலவசம். டெபியன் லினக்ஸ் அடிப்படையிலானது. ரேம் குறைந்த பழைய மெஷினிலும், ராஸ்பெரி பை-யிலும் ஓடும். பிரவுசரிலேயே நிர்வகிக்கலாம். ஆனால் இதில் பலரும் தேர்ந்தெடுக்கும் இஎக்ஸ்டி4, ஃபைலுக்குள் உள்ள தரவைச் சரிபார்க்காது.

அன்ரெய்ட்

காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைச் சேர்த்துப் போடலாம். அவற்றில் பெரியதைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால், ஒரு டிஸ்க் செத்தாலும் தரவை மீட்கலாம்.

எதை எடுக்கலாம்?

8 ஜிபி ரேம், ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் ட்ரூநாஸ். மெஷின் ரொம்பப் பழசு என்றால் ஓபன்மீடியாவால்ட். டிஸ்க்குகள் பல அளவில் இருந்து, செலவும் செய்யலாம் என்றால் அன்ரெய்ட்.

இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் வேறொன்றில் காப்பி எடுத்துவிடுங்கள். கரன்ட் போய்ப் போய் வரும் ஊரென்றால் யுபிஎஸ் அவசியம்.

இதை மட்டும் மறக்காதீங்க

இடி விழுந்தாலோ, யாராவது தவறுதலாக அழித்தாலோ, இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே போய்விடும். இரண்டு டிஸ்க்கில் நகல் இருப்பது மட்டும் இதிலிருந்து காப்பாற்றாது. அதனால் இன்னொரு நகலை வெளியூரில் உள்ள அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள். கோட்டையூர் தொகுப்பு பிழைத்ததே, சேர்த்தவருக்குப் பிறகும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால்தான்.