மெத்தனால் கலந்த சாராயம்: பார்த்து அறிய இயலுமா?

2024 ஜூன் மாதத்தில், நம் மாவட்டத்தை அடுத்துள்ள கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் இதே நஞ்சு பல உயிர்களைப் பறித்தது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது ஒன்றே: கலப்படச் சாராயத்தை வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா?

இல்லை. மது வகைகளில் இருப்பது எத்தனால். பெயின்ட், வார்னிஷ் போன்ற தொழில்களில் கரைப்பானாகப் பயன்படுவது மெத்தனால். இரண்டும் நிறமற்றவை; மணத்திலும் சுவையிலும் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்தவை. தீயிட்டுச் சுடரின் நிறத்தைப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரண்டும் வெளிர்நீலமாகவே எரிவதால் அச்சோதனை எதையும் காட்டாது. பகலில் அச்சுடர் கண்ணுக்குப் புலப்படாததால் தீக்காயம்தான் மிஞ்சும். மீண்டும் காய்ச்சி வடிப்பதும் வீண். மெத்தனாலின் கொதிநிலை 65 டிகிரி செல்சியஸ், எத்தனாலுடையது 78. இவ்வளவு நெருங்கியவற்றை அடுப்பில் வைத்துப் பிரிக்க இயலாது. ஆய்வகக் கருவி ஒன்றே உண்மையைச் சொல்லும்.

காயம் துடைக்கும் ஸ்பிரிட்டையும் சானிடைசரையும் குடிப்போர் உளர். குடிக்கக் கூடாது என்பதற்காகவே தொழிற்சாலை ஸ்பிரிட்டில் வேறு பொருள்களைச் சேர்க்கின்றனர். நீர் கலந்தாலும் துணியில் வடிகட்டினாலும் அவை நீங்குவதில்லை. 2020-இல் ஆந்திரத்தின் குரிச்சேடு என்னும் ஊரில் சானிடைசர் குடித்தோர் பலர் மாண்டனர்.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைச் சிதைத்து, இரத்தத்தின் அமிலத்தன்மையை உயர்த்துகிறது. இதற்கு ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே, இரவில் குடித்தவர் காலையில் நலமாக எழுந்தார் என்பது எந்த உறுதியும் ஆகாது. வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, வேகமான மூச்சு, பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல் ஆகியன அறிகுறிகள். "போதை இன்னும் தெளியவில்லை" என்று உறங்க விடுவதே நாங்கள் மிகவும் அஞ்சும் செயல்.

உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருத்துவமனையில் எத்தனாலையே மாற்று மருந்தாகத் தருவதுண்டு. அதனைக் கேள்வியுற்று வீட்டில் மது ஊற்றிக் கொடுக்க வேண்டாம். அதன் அளவை மணிக்கு மணி கண்காணிக்க வேண்டும். பலருக்கு டயாலிசிஸும் தேவைப்படும். எஞ்சிய பாக்கெட்டோ பாட்டிலோ இருந்தால் எடுத்து வாருங்கள். வழக்குக்கு அஞ்சி, குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். உடன் குடித்தவர்கள் யார் யார் என்பதையும் கூறுங்கள். அவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லையெனினும், அன்றே அழைத்து வாருங்கள்.