ஜெர்மானிய மார்க்கின் வீழ்ச்சி

ஜெர்மானிய மார்க்கின் வீழ்ச்சி என்பது முதல் உலகப் போருக்குப் பின்னர் வைமார் குடியரசில் ஏற்பட்டு, 1923 ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்த மீயுயர் பணவீக்கத்தையும், அதனால் அந்நாட்டு நாணயம் முற்றாக மதிப்பிழந்ததையும் குறிக்கும். 1914 இல் ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு ஏறத்தாழ 4.2 மார்க்காக இருந்தது. 1923 நவம்பரில் அது 4.2 இலட்சம் கோடி மார்க் ஆனது.

காரணங்கள்

போர்க்கடன்: 1914 இல் மார்க் தாளைப் பொன்னாக மாற்றும் உரிமை நிறுத்தப்பட்டது. போர்ச் செலவின் பெரும்பகுதி வரியால் அன்றிக் கடனால் ஈடுசெய்யப்பட்டது. தோற்ற நாடுகளிடமிருந்து அக்கடனை வசூலிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, ஜெர்மனியே தோற்றதால் பொய்த்தது.

போர் இழப்பீடு: 1921 இல் நேச நாடுகள் 13,200 கோடி பொன் மார்க்கை இழப்பீடாக விதித்தன. இதனைத் தாள் மார்க்கில் செலுத்த இயலாது. வெளிநாட்டு நாணயம் வாங்க மார்க்கை விற்க நேர்ந்ததால் அதன் மதிப்பு மேலும் சரிந்தது.

ரூர் ஆக்கிரமிப்பு: இழப்பீட்டுத் தவணை தவறியதைக் காரணங்காட்டி, 1923 சனவரியில் பிரான்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அங்கு ஒத்துழைக்க மறுத்த தொழிலாளருக்கு அரசே ஊதியம் வழங்கியது. இதற்கான பணத்தை மைய வங்கியான ரைக்ஸ்பாங்க் அச்சிட்டது.

வீழ்ச்சி நிகழ்ந்த முறை

வரி விதிக்கப்படும் நாளுக்கும் செலுத்தப்படும் நாளுக்கும் இடையில் பணத்தின் மதிப்பு குறைந்தது. அதனால் அரசின் பற்றாக்குறை பெருகி, மேலும் பணம் அச்சிடப்பட்டது. ஊதியம் பெற்றோர் அதனைக் கையில் வைத்திராமல் உடனே பொருளாக மாற்ற முயன்றதால் விலைகள் இன்னும் விரைவாக ஏறின.

விளைவுகள்

சேமிப்பு, ஓய்வூதியம், கடன் பத்திரம் ஆகியவற்றை நம்பியிருந்தோர் அனைத்தையும் இழந்தனர். கடன் வாங்கியவர்கள் பயனடைந்தனர். அவர்களுள் மிகப் பெரிய கடனாளி அரசே ஆகும். 15,400 கோடி மார்க் போர்க்கடன், 1923 நவம்பரில் போருக்கு முந்தைய மதிப்பில் ஒரு மார்க்கின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவானது. நாட்டுப்பற்றால் போர்ப் பத்திரம் வாங்கிய குடிமக்களே இவ்விழப்பைச் சுமந்தனர். 1925 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கடன்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே மதிப்பளித்தது.

இப்பணவீக்கமே இட்லரை ஆட்சியில் அமர்த்தியது எனக் கூறப்படுவதுண்டு. ஆயினும் 1924 டிசம்பர் தேர்தலில் நாட்சிகள் ஏறத்தாழ 3 விழுக்காடு வாக்குகளையே பெற்றனர். 1929 க்குப் பின் விலைகள் வீழ்ந்து வேலையின்மை பெருகிய காலத்திலேயே அவர்கள் பெருங்கட்சியாக வளர்ந்தனர். எனினும் நடுத்தர வகுப்பினர் குடியரசின் மீது கொண்டிருந்த நம்பிக்கை 1923 இலேயே தளர்ந்திருந்தது.

நிலைப்படுத்தல்

1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்னும் புதிய நாணயம் வெளியிடப்பட்டது. ஒரு ரென்டன்மார்க் ஓர் இலட்சம் கோடி தாள் மார்க்குக்குச் சமம். நிலமும் தொழில்களும் இதற்குப் பெயரளவில் ஈடாகக் காட்டப்பட்டன. வெளியிடும் அளவுக்கு வரம்பு விதிக்கப்பட்டதும், ரைக்ஸ்பாங்க் அரசுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியதுமே இதன் மீது நம்பிக்கை ஏற்படக் காரணங்கள் ஆகும். 1924 இல் டாவ்ஸ் திட்டம் இழப்பீட்டுத் தவணைகளை எளிதாக்கியது. அதே ஆண்டில் ரைக்ஸ்மார்க் நடைமுறைக்கு வந்தது.